பிராம் இரவுக்கு வீட்டிலேயே பூங்கொத்து கட்டுவது எப்படி?

அமெரிக்காவிலோ கனடாவிலோ உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பிராம் பற்றிய பேச்சு ஒருநாள் வந்தே தீரும். பள்ளியின் கடைசி ஆண்டுகளில் இருப்பவர்களுக்காக, பெரும்பாலும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் நடக்கும் நடன விருந்து அது. அமெரிக்கப் பள்ளிகளில் இலையுதிர் காலத்தில் நடக்கும் இன்னொரு விழாவுக்கு ஹோம்கமிங் என்று பெயர். இரண்டுக்கும் புது உடை வேண்டும், புகைப்படம் வேண்டும், பூவும் வேண்டும்.

அந்தப் பூவை நாமே கட்டிக் கொடுக்க முடியுமா? முடியும். இதற்குப் பெரிய கலைத்திறன் தேவையில்லை. ஒரு கத்தரி, ஒரு வாளி, கொஞ்சம் நாடா, இரண்டு நாள் முன்யோசனை இருந்தால் போதும்.

வீட்டில் கட்டியது இரவு முழுக்கத் தாங்குமா, பாதியில் வாடிப்போய் பிள்ளைக்குத் தலைகுனிவாகிவிடுமோ என்பதுதான் பெற்றோர் பலருக்கும் இருக்கும் பயம். வாடுவதற்குக் காரணம் அநேகமாகக் கட்டும் முறை அல்ல. கட்டுவதற்கு முன் பூ வயிறாரத் தண்ணீர் குடிக்காததுதான். அதனால் இந்தக் கட்டுரையில் கட்டுவதைவிட, அதற்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

முதலில், எதைக் கட்டப் போகிறோம்?

பள்ளி நடனங்களில் மூன்று வகைப் பூ அணிகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று கோர்சாஜ் (மணிக்கட்டில் அணியும் சிறு பூங்கொத்து). இரண்டாவது பூட்டனியர் (கோட்டின் இடப்பக்க மடிப்பில் குத்தும் ஒற்றைப் பூ). மூன்றாவது, கையில் ஏந்தும் பூங்கொத்து. இந்த மூன்றில் எது வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள். தோழிகளும் தோழர்களும் என்ன வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

டெக்சாஸ் மாநிலத்தில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஹோம்கமிங்குக்கு 'மம்' என்ற பெரிய அலங்காரம் அணிவார்கள். ஒரு காலத்தில் உண்மையான செவ்வந்திப் பூவில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் செயற்கைப் பூவும் தரையைத் தொடும் ரிப்பன்களும்தான். அது வேறு கைவேலை, இங்கே சொல்லும் முறை அதற்குப் பொருந்தாது.

பூங்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது? ஆட முடியாது. அது புகைப்படத்துக்கும் மண்டபத்துக்குள் நுழையும்போது ஏந்துவதற்கும்தான். ஆடும் நேரத்தில் மேசையில் வைத்துவிடுவார்கள். இரவு முழுக்க உடம்போடு இருக்க வேண்டும் என்று உங்கள் மகள் விரும்பினால் கோர்சாஜ்தான் வசதி.

எந்தப் பூ வாங்கலாம்?

ரோஜா, ஸ்ப்ரே ரோஜா (ஒரே தண்டில் பல சிறு பூக்கள் விடும் வகை), கார்னேஷன், அல்ஸ்ட்ரோமீரியா, லிசியாந்தஸ், சாமந்தி ஆகியவை புதியவர்களின் கைக்கு ஏற்ற பூக்கள். கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் பொறுத்துக்கொள்ளும். இடைவெளியை நிரப்ப ஜிப்சோபிலா (மெல்லிய கிளைகளில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூக்கும் சிறு பூ), பச்சைக்கு யூகலிப்டஸ் இலை. இவை எல்லாமே பெரிய மளிகைக் கடைகளின் பூப் பகுதியில் கிடைக்கக்கூடியவை.

எதைத் தவிர்க்கலாம்? ஹைட்ரேஞ்சியா பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் இல்லாவிட்டால் மிக விரைவில் துவளும். டியூலிப் வெட்டிய பிறகும் வளரும், வெளிச்சத்தைப் பார்த்து வளையும், இன்று கட்டிய வடிவம் நாளை இருக்காது. ஜெர்பராவுக்குக் கழுத்து தொங்கிவிடும். டாஃபடில் பூவின் தண்டிலிருந்து கசியும் சாறு, அதே தண்ணீரில் நிற்கும் மற்ற பூக்களைக் கெடுக்கும்.

லில்லி வாங்கலாமா? வாங்கினால் ஒரு எச்சரிக்கை. பூவின் நடுவே நிற்கும் மகரந்தப் பைகள் உடையில் பட்டால் ஆரஞ்சுக் கறை பிடிக்கும், எளிதில் போகாது. மொட்டு விரிந்ததும் அந்தப் பைகளை மெதுவாகக் கிள்ளி எடுத்துவிடுங்கள். தப்பித் தவறி உடையில் பட்டுவிட்டால் தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்தால் தூள் அதோடு வந்துவிடும். வீட்டில் பூனை இருந்தால் லில்லியை உள்ளேயே கொண்டுவர வேண்டாம். பூனைக்கு அது கொடிய நஞ்சு, சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

மல்லிகை வைக்கலாமா என்று நம் வீட்டு அம்மாக்கள் கேட்பார்கள். மல்லிகையைக் காம்போடு கிள்ளித்தான் பறிக்கிறோம். அதற்குத் தண்ணீர் உறிஞ்ச நீண்ட தண்டு கிடையாது. அதனால் பூங்கொத்தின் உள்ளே வைத்தால் மற்ற பூக்களுக்கு முன்பே வாடும். இந்தியக் கடையில் சரம் கிடைத்தால், புறப்படும் நேரத்தில் பூங்கொத்தின் பிடியில் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். மணமும் கிடைக்கும், வாடினால் அவிழ்த்து எறியவும் எளிது.

ஒவ்வாமை இருந்தால்? பூங்கொத்து முகத்துக்கு அருகில் இருக்கப் போகிறது. சாமந்தி, சூரியகாந்தி வகைப் பூக்கள் சிலருக்குத் தும்மலை வரவழைக்கும். இதழ் அடுக்கு நிறைந்த ரோஜாவும் கார்னேஷனும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. அல்ஸ்ட்ரோமீரியாவின் சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், அப்படிப்பட்டவர்கள் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

எத்தனை வாங்க வேண்டும்?

கையில் ஏந்தும் பூங்கொத்து 15 முதல் 20 செ.மீ. அகலம் இருந்தால் போதும். அதற்குமேல் போனால் கல்யாணப் பெண்ணின் பூங்கொத்துபோல் ஆகிவிடும், கையும் வலிக்கும். இந்த அளவுக்கு 5 பெரிய ரோஜா, 3 தண்டு ஸ்ப்ரே ரோஜா, 4 கார்னேஷன் அல்லது லிசியாந்தஸ், 2 தண்டு ஜிப்சோபிலா, 5 அல்லது 6 தண்டு இலை வாங்குங்கள். ரோஜா மட்டும் இரண்டு கூடுதலாக இருக்கட்டும். ஒன்று உடையும், ஒன்று விரியாமல் நிற்கும்.

நிறம் எப்படித் தேர்வது? கைபேசியில் பார்த்த உடையின் நிறத்தை நம்பாதீர்கள், திரையில் நிறம் மாறித் தெரியும். உடையோடு வந்த துண்டுத் துணியோ, அதே நிற ரிப்பனோ இருந்தால் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். உடையின் நிறத்திலேயே பூ வாங்கினால் புகைப்படத்தில் பூ உடைக்குள் மறைந்துவிடும். வெள்ளை, சந்தன வெள்ளை, இளஞ்சிவப்பு போன்ற மென்நிறப் பூக்களை எடுத்து, உடையின் நிறத்தை ரிப்பனில் கொண்டுவருவது பாதுகாப்பான வழி.

எப்போது வாங்குவது?

பிராம் சனிக்கிழமை என்றால் வியாழக்கிழமை வாங்குங்கள். கடையில் ரோஜா பெரும்பாலும் இறுக்கமான மொட்டாக இருக்கும், அது விரிய ஒன்று முதல் இரண்டு நாள் தேவை. சனிக்கிழமை காலையில் வாங்கினால் மொட்டாகவே கையில் ஏந்த வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமையே வாங்கிவிட்டால், சனிக்கிழமை மாலை இதழ் உதிரும் கட்டத்துக்கு வந்துவிடலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம். அந்த வாரம் பூ விலை ஏறும், நல்ல பூக்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். பிராமும் அதே வாரத்தில் வந்தால், என்ன வேண்டும் என்று கடையில் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

கடையில் நல்ல பூவை எப்படிக் கண்டுபிடிப்பது? ரோஜாவின் அடிப்பகுதியை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதியது, பஞ்சுபோல் அமுங்கினால் பழையது. தண்டின் அடி வழவழப்பாக இருந்தாலோ, வாளித் தண்ணீர் கலங்கி நாறினாலோ வாங்க வேண்டாம். வெளிப்புற இதழ் ஒன்றிரண்டு பழுத்தோ கீறியோ இருந்தால் பரவாயில்லை. உள்ளே இருக்கும் இதழ்களைக் காப்பதற்காக விட்டுவைத்த இதழ்கள் அவை, வீட்டுக்கு வந்ததும் உரித்துவிடலாம்.

பூவுக்குத் தண்ணீர் காட்டுவது

பொறுமையோடு செய்ய வேண்டிய வேலை இதுதான். அமெரிக்கக் கடைகளில் விற்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை கொலம்பியாவிலும் ஈக்வடாரிலும் பூத்தவை. குளிரூட்டிய பெட்டிகளில் தண்ணீரின்றி விமானத்தில் மயாமி வந்து, அங்கிருந்து லாரியில் ஊர் ஊராகப் போகின்றன. உங்கள் கைக்கு வரும்போது அவை தாகத்தோடு வருகின்றன.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வது? முதலில் வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அழுக்கு வாளியில் கிருமி வளரும். அது தண்டுக்குள் இருக்கும் நுண்குழாய்களை அடைத்துவிட்டால், வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ குடிக்க முடியாது.

அடுத்து, ஒவ்வொரு தண்டிலும் அடியிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. சாய்வாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் தண்டின் வாய் வாளியின் அடியில் ஒட்டி அடைபடாது. கூர்மையான கத்தியோ தோட்டக் கத்தரியோ நல்லது. மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும். வெட்டியதும் காற்றுப் புகும் முன் உடனே தண்ணீரில் வைத்துவிடுங்கள்.

தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை எல்லாம் உருவிவிடுங்கள். மூழ்கிய இலை அழுகும், தண்ணீர் கெடும். ரோஜா முள்ளையும் இப்போதே நீக்கிவிட்டால் கட்டும்போது கை கிழியாது, உடையிலும் மாட்டாது.

தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்? கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கட்டும். பூவோடு தரும் சிறு பொட்டலத்தை அதில் கரையுங்கள். பூவுக்கு உணவாகச் சர்க்கரை, தண்ணீர் எளிதாக ஏறுவதற்கு ஒரு புளிப்புப் பொருள், கிருமியைத் தடுக்க ஒரு மருந்து, மூன்றும் அதில் இருக்கின்றன. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவை மீற வேண்டாம்.

பொட்டலம் இல்லாவிட்டால்? சுத்தமான தண்ணீரே போதும், தினமும் மாற்றினால் சரி. பிளீச்சையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். பிளீச்சோடு புளிப்புப் பொருள் சேர்ந்தால் நச்சு வாயு வரும். சமையலறையில் அந்தச் சோதனை வேண்டாம்.

எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு முழுக்க. வெயில் படாத, குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். இந்த ஓர் இரவுதான் மறுநாள் தண்ணீரின்றி இருக்கும் நேரத்துக்கான சேமிப்பு.

ஒரு ரோஜா மட்டும் தலை தொங்கிவிட்டதா? எறிந்துவிடாதீர்கள். அடியை மறுபடி வெட்டி, ஒரு தட்டையான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் தண்டும் பூவுமாகப் படுக்க வையுங்கள். தண்டுக்குள் காற்று அடைத்ததுதான் காரணம் என்றால், ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் அதில் பழம் இருக்கக்கூடாது. ஆப்பிள், வாழை போன்ற பழங்கள் பழுக்கும்போது எத்திலீன் (பழுக்கவும் வாடவும் தூண்டும் வாயு) வெளியிடும். கார்னேஷன் போன்ற பூக்கள் அதில் சீக்கிரம் சுருங்கும். பெட்டியின் பின்சுவரில் பூ ஒட்டினால் உறைந்து கருகும். கோடையில் தோட்டத்தில் பறித்த ஜின்னியாவுக்குக் குளிரே ஆகாது, அதை வெளியிலேயே வையுங்கள்.

கட்டுவது எப்படி?

வெள்ளி இரவோ சனி காலையோ கட்டுங்கள். மேசையில் ஒரு பழைய துண்டை விரித்து, பூக்களை வகை வகையாகப் பிரித்து அடுக்குங்கள். தண்டின் மேல் பாதியில் மட்டும் இலை இருக்கட்டும்.

ஒரு நல்ல ரோஜாவை இடது கையில் பிடியுங்கள். பூவுக்குக் கீழே ஒரு சாண் அளவில் உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்கட்டும். கட்டு விழப்போகும் இடம் அதுதான், கடைசிவரை அந்தப் பிடி நகரக்கூடாது. இடது கைக்காரர்கள் கையை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது தண்டை முதல் தண்டின் மேல் சாய்வாக வையுங்கள். பூவின் தலை இடப்பக்கம், தண்டின் அடி வலப்பக்கம். மூன்றாவதும் அதே சாய்வில், நான்காவதும் அதே சாய்வில். இரண்டு மூன்று தண்டு சேர்ந்ததும் கையில் இருப்பதைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, மறுபடி அதே சாய்வில் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரு தண்டுகூடத் திசை மாறக்கூடாது. மாறினால் மற்ற தண்டுகளைக் குறுக்கே அழுத்தி ஒடித்துவிடும்.

இந்தச் சுழல்முறை எதற்கு, நேராகவே கட்டினால் என்ன? நேராகக் கட்டினால் பூத்தலைகள் ஒன்றோடொன்று முட்டி நசுங்கும். சுழலாக வைத்தால், நடுவில் இறுக்கிய நெற்கட்டுபோல் மேலும் கீழும் விரிந்து நிற்கும், ஒவ்வொரு பூவுக்கும் இடம் கிடைக்கும்.

எந்தப் பூவை எங்கே வைப்பது? பெரிய ரோஜாக்கள் ஒரே பக்கம் குவியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ரோஜா, அதன் பக்கத்தில் ஒரு சிறு பூ, கொஞ்சம் ஜிப்சோபிலா, ஓர் இலை என்று மாற்றி மாற்றி வையுங்கள். அவ்வப்போது கண்ணாடி முன் நின்று பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது தெரியாத ஓட்டை, எதிரில் பார்க்கும்போது தெரியும். கடைசியாகச் சுற்றிலும் இலை வைத்தால் ஓரம் நேர்த்தியாகிவிடும்.

வடிவம் பிடித்துவிட்டதா? விரல் பிடித்த அதே இடத்தில் சணல் கயிற்றாலோ ரப்பர் வளையத்தாலோ நான்கைந்து சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். அதன் மேல் பூ நாடா (இழுத்தால் ஒட்டிக்கொள்ளும் மெழுகுக் காகித நாடா) சுற்றுங்கள். இழுத்துச் சுற்றினால்தான் ஒட்டும், பலரும் இழுக்காமல் சுற்றிவிட்டு நாடா மோசம் என்று நினைத்துவிடுகிறார்கள். பிறகு தண்டுகளை ஒரே மட்டமாக வெட்டுங்கள். கட்டுக்குக் கீழே 12 முதல் 15 செ.மீ. இருந்தால் கைக்கு அடக்கமாக இருக்கும்.

ரிப்பனைக் கட்டின் மேலிருந்து கீழாகச் சுற்றி, அடியில் 3 செ.மீ. தண்டை வெறுமையாக விடுங்கள். அது ஏன்? சுற்றி முடித்த பிறகும் ரிப்பன் நனையாமல் அந்தத் தண்டுகளைத் தண்ணீரில் நிறுத்தலாம். ரிப்பன் நுனியைக் குண்டூசியால் குத்தும்போது, ஊசியைச் சாய்த்து மேல்நோக்கிக் குத்துங்கள். முனை தண்டுக்குள்ளேயே இருக்கும், பிள்ளையின் விரலைக் குத்தாது.

கோர்சாஜும் பூட்டனியரும்

கோர்சாஜுக்கு மூன்று சிறு ரோஜா, கொஞ்சம் ஜிப்சோபிலா, இரண்டு இலை போதும். ஒவ்வொன்றையும் 4 செ.மீ. காம்போடு வெட்டி, பூ நாடாவால் சேர்த்துச் சுற்றி, கைவினைக் கடையில் கிடைக்கும் மணிக்கட்டு எலாஸ்டிக் பட்டையில் அதே நாடாவால் கட்டுங்கள். ஒட்ட வேண்டுமென்றால் பூவுக்கென்று விற்கும் குளிர்ப் பசையை வாங்குங்கள். சூடான பசைத் துப்பாக்கி இதழைக் கருக்கும்.

பூட்டனியருக்கு ஒரு ரோஜா, ஓர் இலை. கோட்டு மடிப்பின் பின்புறத்திலிருந்து ஊசியை நுழைத்து, பூவின் காம்பைக் கடந்து, மறுபடி பின்புறமே கொண்டுபோய் முடியுங்கள். எதிரில் நிற்பவரைக் குத்தாது, வெளியேயும் தெரியாது.

இவை இரண்டுக்கும் தண்ணீர் கிடையாது. அதனால் புறப்படும் அன்றே செய்து, ஈரமான காகிதத் துண்டு விரித்த மூடிய டப்பாவில் வைத்து, பழமில்லாத குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள்.

அன்று மாலை

புறப்படும் நிமிடம்வரை பூங்கொத்து 2 செ.மீ. தண்ணீர் உள்ள கண்ணாடிக் கோப்பையில் நிற்கட்டும். கையில் கொடுக்கும் முன் தண்டின் அடியை நன்றாகத் துடையுங்கள். பட்டுத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் புகைப்படத்தில் தெரியும்.

காரில் பூவை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாமா? கூடாது. மூடிய காரில் வெயில் நேரத்தில் சில நிமிடங்களிலேயே பூ வெந்துவிடும். காரின் காற்று வரும் துவாரத்துக்கு நேரேயும் பிடிக்க வேண்டாம்.

புகைப்படத்தின்போது பதற்றத்தில் பூங்கொத்தை மார்புவரை தூக்கிப் பிடிப்பார்கள், உடை மறைந்துவிடும். தொப்புள் உயரத்தில், முழங்கையைத் தளர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மண்டபத்தில் மேசை இருந்தால், ஒரு கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்திவிட்டு ஆடப் போகலாம்.

மறுநாள் என்ன செய்வது? ரிப்பனை அவிழ்த்து, அடியை வெட்டிப் புதுத் தண்ணீரில் வைத்தால் இன்னும் சில நாள் இருக்கும். நினைவாக வைத்துக்கொள்ள விரும்பினால், விரியும் பருவம் தாண்டும் முன்பே தலைகீழாக, காற்றோட்டமான இருட்டு அறையில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். ரோஜாவும் ஜிப்சோபிலாவும் நன்றாகவே காயும்.

எல்லோரும் வீட்டில்தான் கட்ட வேண்டுமா? இல்லை. வியாழனும் வெள்ளியும் உங்களுக்கு வேலை நெருக்கடி என்றால், கடையில் சொல்லிவிடுவதே நிம்மதி. நேரம் இருப்பவர்கள், முந்தைய வாரமே ஒரு மலிவான கார்னேஷன் கட்டு வாங்கி ஒருமுறை கட்டிப் பாருங்கள். சுழல்முறை கைக்கு வர அந்த ஒத்திகை உதவும். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, பூவை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எந்த நிறம் எங்கே வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும், ஏந்தப் போவது அவர்கள்தான். வியாழன் இரவு பூவைத் தண்ணீரில் வைக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.